ஐந்து முகங்கள் வரைந்த அட்டை

12.1.2009
காமயகவுண்டன்பட்டி திராட்சை விவசாயிகள் சங்கத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். அறுபது வயதுக்கு மேல் புத்தகம் பார்த்து நானே கற்றேன். இன்று தலைவர் வீரணன் சொல்கிறான், யாருக்கும் அது பிடிபடவில்லையாம். "மாமா, தேனியிலருந்து ஒரு எம்.சி.ஏ. பிள்ளை வந்து சோதிச்சுப் பாக்கட்டும். புதுசா பழசான்னு அப்புறம் கூட்டத்துல முடிவு பண்ணுவோம்."
பிடிபடாதவனுக்கு வெப்சைட் எதற்கு?

18.1.2009
பெண்ணின் பெயர் ஜெபஷீலா. வேகம், பிழை எல்லாம் பிறகாம். பயன்படுத்துகிறவர் மனசு என்ன பாடுபடுகிறது என்பதுதான் முதலாம். அட்டையில் ஐந்து முகம் வரைந்திருக்கிறாள், சிரிப்பிலிருந்து கோபம் வரை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஒரு முகத்தைத் தொட வேண்டும். எதிரே கேமரா. தோட்டம் என் மனைவி சங்கிலியம்மாள் பேரில் இருப்பதால் சங்கத்தில் அவளும் உறுப்பினர். சோதனைக்கு உட்கார்ந்தாள்.
நான் பின்னாலேயே நின்றேன். எல்லோரும் சிரித்த முகத்தையே தொட்டார்கள்.

19.1.2009
"ஐயா, தொட்டது சிரிச்ச முகம். ஆனா கேமரா படத்துல எல்லாரும் உங்களையே திரும்பித் திரும்பிப் பாக்குறாக. இன்னைக்கு நீங்க வெளிய இருங்க," என்றாள் ஜெபஷீலா.
என் வெப்சைட்டுக்கு நான் வெளியே! டீக்கடையில் நின்றேன். உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம்.

24.1.2009
படத்தை ஜெபஷீலா காட்ட மறுத்தாள். சங்கத்துச் சாவி என்னிடமும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன்.
திராட்சை ஏற்ற லாரி பதியும் பக்கத்தில் சங்கிலி தேதியை மாற்றிப் போடுகிறாள். நான் எழுதி வைத்தது சிவப்பில் வருகிறது: 'தவறு. ஒழுங்காகப் படித்துவிட்டு நிரப்பவும்.' அவள் சிரிக்கிறாள். "வீட்டுலயும் இப்படித்தேன் தாயி. எங்கன தொட்டாலும் தப்பு. என்ன தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டாக." பிறகு கோப முகத்தைத் தொடுகிறாள். அழுத்தித் தொடுகிறாள்.
இத்தனை வருஷம் என் சோத்தைத் தின்னுட்டு — சரி, தோட்டம் அவள் அப்பன் கொடுத்தது. இருந்தாலும்.

1.2.2009
கூட்டம். சோதனை என்ற பேரில் குடும்பக் கதை பேசியிருக்கிறார்கள் என்று காட்டிவிட்டால் சோதனையே செல்லாது. சங்கிலி எதிரே இருக்கும்போதே படத்தை ஓட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "மாமா, நிறுத்துங்க," என்றான் வீரணன்.
மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினேன்.
புதிது வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்தது அவள் கை.

2.2.2009
அவள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விட்டாள். சோற்றை நானே போட்டுத் தின்றேன்.

15.6.2009
ஜெபஷீலா செய்த புதியது வந்துவிட்டது. தப்பாகப் போட்டால் எது தப்பு என்று சொல்லித் தருகிறதாம். அதை நான் திறக்கப்போவதில்லை. என்னுடையதையும் மூடமாட்டேன். சிவப்பு எழுத்தில் ஒரு எழுத்துக்கூட மாற்றமாட்டேன்.

21.6.2009
காலையில் சங்கிலி தானே வீட்டுக் கம்ப்யூட்டரில் புதியதைத் திறந்து லாரிக்குப் பதிந்துகொண்டிருந்தாள். தனக்குத்தானே ஏதோ சொல்லிச் சிரித்தாள். போய்ப் பின்னால் நின்றேன். சிரிப்பு நின்றது. மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் நகர்வதற்காகக் காத்திருந்தாள்.
நான் நகரவில்லை.