பிடி அரிசியும் ஒருசந்தியும்

சேசு மரி சூசை

ஓசூர்,
4-2-1968

பிரியமுள்ள செல்விக்கு,

பவுலினா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. விடுதியில் உனக்குப் பக்கத்துக் கட்டில்காரியேதான். கன்னியர் மடத்தில் சேர இரண்டு பேரும் சேர்ந்துதான் மனு போட்டோம். நான் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து நீ ஒரு வரி எழுதவில்லை. நான் சாமியை விட்டு ஓடிப்போனவள் இல்லை என்று உனக்குக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

இவருக்கு மாட்டுப் பண்ணையில் குமாஸ்தா வேலை. ஐப்பசியில் பெண் பிறந்தாள், அற்புதமேரி. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். தும்மினால், மாதாவே. இருமினால், மாதாவே. இதற்குப் பெயர் ஜெபமா பயமா, நீயே சொல். நேற்று முதல் எனக்கு ஒரே ஒரு யோசனைதான். மடத்தில் நீ நடக்கிற மாதிரி வீட்டிலேயே நான் ஏன் ஓர் ஒழுங்கோடு நடக்கக்கூடாது? எழுதி அனுப்பு. அப்படியே செய்வேன்.

உன்
பவுலினா


பெங்களூர்,
13-2-1968

அன்புள்ள பவுலினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தைக்கு ஆசீர்.

விடிந்ததும் காணிக்கை ஜெபம், பிறகு மூவேளை ஜெபம். சாயங்காலம் முழங்காலில் நின்று ஜெபமாலை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லி ஏழைக்கென்று தனியாக எடுத்து வை. தபசு காலம் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. அரிசி கொடுக்கிற வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பதும் தர்மத்தில் சேர்ந்தது.

பாதியில் விடுவதானால் ஆரம்பிக்காதே.

ஆரோக்கியசெல்வி


ஓசூர்,
10-3-1968

என் செல்விக்கு,

ஆரம்பித்துவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. நான் முழங்காலில் நிற்க, அற்புதம் பாயில் கிடந்துகொண்டு ஜெபமாலையைப் பிடித்து இழுத்துச் சிலுவையைச் சப்புகிறாள். இவருக்கு நான் கேலிப்பொருள் ஆகிவிட்டேன். "மதரம்மா, இந்த மடத்துல காப்பி உண்டா, அதுவும் ஒருசந்தியா?" என்கிறார். சிரித்தால் மந்திரம் தப்பிவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து.

பிடி அரிசியை மாரம்மாவுக்குக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வறட்டி கொண்டுவருகிறவள். புருஷன் உங்கள் பெங்களூருக்கு வேலைக்கென்று போனவன், திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள், எலும்பும் தோலுமாக. நான் கண்ணை மூடி அரிசி எடுத்து வைக்கிறதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேர்ந்ததை அப்படியே கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும், செல்வி. அந்தப் பிள்ளைகள் இன்று சோறு தின்னும் என்று நினைத்தாலே நடை துள்ளுகிறது.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் தலை சுற்றுகிறது. பாலும் மட்டாகத்தான் இருக்கிறது, குழந்தை சிணுங்குகிறாள். பரவாயில்லை. மாரம்மா வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை, பிள்ளைக்குச் சளி. இந்த வாரம் போவேன்.

இப்போதாவது உனக்குத் திருப்திதானே?

பவுலினா


ஓசூர்,
30-3-1968

செல்விக்கு,

ஒருசந்தியை முறித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இனி நடந்ததைக் கேள்.

நேற்று மத்தியானம் அற்புதத்தைத் தூக்கிக்கொண்டு மாரம்மா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் ராகிக் கூழைத்தான் குடித்துக்கொண்டிருந்தன, அதுவும் தண்ணீராக. அண்ணாந்து பார்த்தால் கூரையில் மஞ்சள் துணி மூட்டை ஒன்று தொங்குகிறது. அவ்வளவும் நான் கொடுத்த அரிசி.

"என்ன மாரம்மா, ஏன் ஆக்கலை?"

"அய்யோ, தேவர அக்கியாச்சே அது, சாமி அரிசி. நீ கண்ண மூடிக்கினு சாமி பேரு சொல்லித்தானேம்மா எடுத்து வெச்சே? எங்கூட்ல திருப்பதிக்கு முடிஞ்சி வெக்கிற மாதிரி. ஒரு மணி கொறயல. உங்க சாமிக்குத் தேரு எப்போன்னு சொல்லு, தலமேல வெச்சிக்கினு வந்து கோயில்ல போட்டுட்றேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஏழைக்கென்று எடுத்ததுதான், நீங்கள் சாப்பிடத்தான் என்று எவ்வளவோ சொன்னேன். சாமி அரிசியைத் தின்றால் பிள்ளைகளுக்குக் கண் போய்விடுமாம். கடைசியில் அவளே வழி சொன்னாள். "எங்க வழக்கத்துல சாமி அரிசிய ஆக்குனா, முடிஞ்சி வெச்சவங்க மொதல்ல வாயில வெக்கணும். அப்பறம் யார் வேணா திங்கலாம். நீ தின்னு, நாங்க தின்றோம்."

உச்சி வெயில், வெள்ளிக்கிழமை. சின்னவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பாதியில் விடுவதானால் ஆரம்பிக்காதே என்றாயே. ஆனாலும் நானே அடுப்பு மூட்டிப் பொங்கி, ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டேன். நான் விழுங்குகிற வரைக்கும் அந்தப் பிள்ளைகள் மூச்சு விடவில்லை. அப்புறம் பார்க்கணுமே. பெரியவள் சட்டியில் முகத்தையே கவிழ்த்துவிட்டாள். மாரம்மா என் தட்டை விடவே இல்லை. "பால் குடுக்குறவ, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்று மூன்று பேர் சோற்றைத் தின்னவைத்தாள். ராத்திரி அற்புதம் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கினாள். நானும் விரல் வைத்துப் பார்க்காமல் தூங்கிப்போனேன்.

நான் பாதியில் விட்டவள்தான் என்று நீ நினைத்தால் எழுதவேண்டாம், புரிந்துகொள்வேன். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அங்கேயே பொங்கி அவர்களோடு சாப்பிடுகிறதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அதை மட்டும் மாற்றமாட்டேன்.

பவுலினா


பெங்களூர்,
6-4-1968

அடி பவுலினா,

பால் கொடுக்கிற தாய்க்கு ஒருசந்திக் கடன் கிடையாது. இங்கே வருகிற பெண்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உனக்கு எழுதும்போது மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. உன்னை வீட்டுக்காரியாக நினைத்து எழுதவில்லை, என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவளாக நினைத்து எழுதினேன். அந்தக் கட்டிலில் இப்போது வேறொரு பெண் படுத்திருக்கிறாள், நல்ல பெண்தான். நீ வராத கோபத்தை நான் ஒழுங்கு என்ற பேரில் உன் வயிற்றில் கட்டினேன். குழந்தைக்குப் பால் மட்டு என்று படித்தபோதுகூட, நிறுத்து என்று எழுத என் கை நகரவில்லை.

நான் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போடு. நன்றாகச் சாப்பிடு. மாரம்மா வீட்டு வெள்ளிக்கிழமைதான் உன் ஒழுங்கு.

இங்கே கடிதங்களை ஒட்டாமல் மதரிடம் கொடுக்கவேண்டும், படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள். இதையும் அப்படித்தான் கொடுக்கிறேன். படிக்கட்டும்.

உன்
செல்வி