மேடு இல்லாத வயல்

என் அன்பு மனைவிக்கு,

நம் மகன் தோபியாஸை எங்கே புதைத்தீர்கள் என்று இங்கே வந்த இரண்டு கப்பல்களிலும் கேட்டு எழுதியிருந்தாய். என்னிடம் பதில் இல்லாததால்தான் உன்னை இங்கே வரச்சொல்லி எழுதவில்லை.

குளிர்காலத்தில் குடியேற்றத்தில் பாதிப் பேர் இறந்தார்கள். குழந்தைகளில் இறந்தது அவன் ஒருவன்தான். புதைத்த இடத்தில் மேடு வைக்கத் தலைவர் விடவில்லை.

“காட்டுக்காரங்க மேடுகளை எண்ணிப் பார்த்தா நாம எத்தனை பேர் மிச்சம்னு தெரிஞ்சுபோகும்ப்பா” என்றார். எல்லாவற்றையும் சமன்செய்து, பனி உருகியதும் மேலே சோளம் விதைத்தோம்.

“செத்த பிறகும் நமக்குச் சோறு போடணுமாக்கும்” என்று தச்சர் வில்மட் முனகினார். அதன்பின் இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நேற்று காட்டுக்காரப் பெண் ஒருத்தி மீன் விற்க வந்தாள். இன்னும் முளைவிடாத அந்த வயலின் குறுக்கே நடந்தாள். தரையில் தூங்குகிறவர்களுக்கு நடுவே போவதைப்போல வளைந்து வளைந்து போனாள். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம புதைச்சதையெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க. நல்லா ஒளிச்சோம் போங்க” என்றார் வில்மட்.

வேலியோரம் அவள் கடைசியாக ஓரிடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். மற்ற இடங்களைவிட அது மிகவும் சிறியது.

அடுத்த கப்பலில் வா. காட்டுகிறேன்.

உன் கணவன்