சீட்டு மாறிய கோரை

என் பிரியமுள்ள அக்கா,

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கோடு போட்ட தாள்தான். எழுத்துகள்தான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. இந்த முதல் பக்கத்துக்கே நாலு நாள் ஆயிற்று. ஆமாம், உங்கள் ஆரோக்கியம் எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான்.

பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அங்கேதான் கற்றேன். எவ்வளவு சந்தோஷம் என்று எப்படிச் சொல்வேன்? ஒன்றாம் நம்பர் என்று எண்ணை மட்டும் பார்த்து உங்கள் வீட்டுக்கு வந்துபோனவன், இப்போது 'ஸ்ரீரங்கம்' என்று வாய்விட்டுப் படித்த பிறகுதான் பஸ்ஸில் ஏறுகிறேன். காந்தி மார்க்கெட்டில் கடைக்குக் கடை நின்று போர்டைப் படிக்கிறேன். "காய் வாங்க வந்தீங்களா, பரிட்சை எழுத வந்தீங்களா?" என்று என் மனைவி மேரி பையை என் கையில் திணிக்கிறாள்.

உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். கல்லூரியில் செடிகளை உலர்த்திச் சேர்க்கும் அறையில் இருபத்தாறு வருஷம் உங்களுக்கு உதவியாளாக இருந்தவனுக்கு எழுத்தே தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாது. சம்பளப் பதிவேட்டில் பெயரைப் படம் மாதிரி வரைந்துவைப்பேன். எதையாவது படிக்கச் சொன்னால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பேன். உங்கள் வீட்டில் எல்லோரிடமும் என்னைத் தம்பி என்றுதான் சொன்னீர்கள். அந்தத் தம்பி உங்களிடம் மறைத்தது இது.

போன மாதம் பெருமையடித்துக்கொள்ளக் கல்லூரிக்குப் போனேன். உங்கள் மாணவி கௌரிதான் இப்போது அந்த அறைக்குப் பொறுப்பு. அலமாரியைத் திறந்ததும் அதே அந்துருண்டை வாசம். செடி ஒட்டிய அட்டைகள், ஒவ்வொன்றின் மூலையிலும் உங்கள் சீட்டு. செடியின் பெயரை இங்கிலீஷில் எழுதினாலும் ஊர்ப்பெயரைத் தமிழில்தான் எழுதுவீர்கள். இங்கிலீஷில் எழுதினால் மலை ஊர்களின் பெயர் கெட்டுப்போகும் என்பீர்கள். நான் விரல் வைத்துப் படித்தேன். பச்சைமலை. திருவெள்ளறை. ஒவ்வொரு ஊரும் உங்கள் குரலில் கேட்டது. அழுதேன் அக்கா, சந்தோஷத்தில்.

பிறகு கௌரி அந்தக் கோரையை எடுத்துவைத்தாள். பெரிய மலையின் குளிர்ந்த சேற்றில் மட்டும் வளரும், ஒரு சாண் உயரக் கோரை. வேறு யாரிடமும் இல்லாதது என்று லென்ஸில் பார்த்துவிட்டு நீங்கள் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தீர்களே, அதுதான். சீட்டைப் படித்தேன். 'கரடிச்சோலைப் பள்ளம்' என்று இருந்தது.

நான் அதை அங்கே எடுக்கவில்லை.

அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல். ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் இரண்டு சேற்று நிலத்துக்கும் அனுப்பினீர்கள். முதலில் கரடிச்சோலை, பிறகு வெள்ளிப்பாறை ஓடை. ஓடையில்தான் என் கால் முழங்கால் வரை புதைந்தது. கைக்குக் கிடைத்ததைப் பற்றினேன். அது பாதி வேரோடு பிய்ந்து வந்தது. மற்றதையெல்லாம் கத்தியால் தோண்டி முழு வேரோடு எடுத்தேன். அட்டையில் இருப்பது அந்தப் பாதி வேர்தான். நீங்கள் பயப்படுவீர்கள் என்று விழுந்ததைச் சொல்லவில்லை. எது எந்த இடத்தில் எடுத்தது என்று சொன்னேன், நீங்கள் சரியாகத்தான் சீட்டு எழுதினீர்கள்.

லாட்ஜில் ஈரப் பேப்பரை மாற்றும்போது இரண்டு சீட்டுகள் கீழே விழுந்தன. நீங்கள் போர்த்திப் படுத்திருந்தீர்கள். எழுப்பிக் கேட்டால் இதுகூடப் படிக்கத் தெரியாதா என்று ஆகிவிடும். குத்துமதிப்பாகச் செருகிவிட்டேன்.

மறு வருஷத்திலிருந்து என் முழங்கால் மலைக்கு ஒத்துழைக்கவில்லை. "நீங்க எடுத்த இடத்துக்குத்தான் போறேன்" என்று கிளம்பினீர்கள். அங்கேதான் இருக்குங்க என்று நானும் வழியனுப்பினேன். மூன்று தடவை போனீர்கள். மூன்றாவது தடவை வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல், "போயிடுச்சு போல ஆரோக்கியம். நாம பார்த்ததுதான் கடைசி" என்றீர்கள். அந்த நம்பிக்கையோடுதான் உங்களைக் கொள்ளிடக் கரைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

கௌரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தப் பாதி வேரை லென்ஸில் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சீட்டு மாறியிருக்குமோன்னு ஒரு கூட்டத்துல ஒருத்தர் கேட்டாருங்க. மேடம் அவர்கிட்ட சண்டைக்கே போயிட்டாங்க. ஆரோக்கியம் கைப்பட்டதுல தப்பு வராதுன்னாங்க."

படிக்காமலே இருந்திருக்கலாமோ அக்கா? இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை.

போன வாரம் கௌரி வெள்ளிப்பாறைக்குப் போய்வந்தாள். ஓடையின் நடுவே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்திருக்கிறார்களாம். இரண்டு பக்கமும் கேரட் போட்டிருக்கிறார்கள். பாறை நிழலில் மட்டும் கொஞ்சம் சேறு மிச்சம். அதில் கோரை மாதிரி ஏதோ முளைத்திருக்கிறது, கதிர் வராததால் எது என்று சொல்ல முடியவில்லை என்றாள். அன்றைக்கே சரியான இடத்துக்கு நீங்கள் போயிருந்தால் அந்த வாய்க்காலைத் தடுத்திருப்பீர்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறியிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை?

தப்பான சீட்டைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். பழைய சீட்டைத் தொடக் கூடாது, கீழே திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும், அதுதான் முறை என்றாள். அவளையே எழுதச் சொன்னேன். "எடுத்தவங்க எழுதுறதுதான் சரிங்க" என்று பேனாவை என் பக்கம் தள்ளினாள். அரை மணி நேரம் ஆயிற்று. 'இது வெள்ளிப்பாறை ஓடையில் எடுத்தது. சீட்டு மாறியது என்னால். அக்கா எழுதியது சரி. ஆரோக்கியம்.' பசை காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

வரும் புதன்கிழமை கௌரியோடும் அவள் மாணவர்களோடும் நானும் ஜீப்பில் போகிறேன். அதற்குள் கதிர் விட்டிருக்கும் என்கிறாள் கௌரி. மேரி திட்டுகிறாள், முழங்காலும் திட்டுகிறது. என் கால் புதைந்த இடத்தைக் காட்ட வேறு ஆள் இல்லையே. திரும்பி வந்ததும், எத்தனை நாள் பிடித்தாலும் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுவேன். இருந்தால் இருக்கிறது என்று எழுதுவேன். இல்லாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுவேன்.

உங்கள் தம்பி,
ஆரோக்கியம்