படைக்கும் முந்தி எடுத்த அரிசி

போன இடத்திலாவது முட்டுவலி இல்லாமல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய் என்று நான் நம்பும் என் இசக்கி மைனிக்கு,

உனக்கு எழுத்து தெரியாது. கொழும்பிலிருந்து உன் மகன் போடும் கடிதங்களையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான்தான் உனக்கு வாசித்தேன். அதனால் இதையும் நானே எழுதி, நானே வாசிக்கிறேன். யார் காதில் விழுந்தாலும் விழட்டும். ஒளித்து மறைக்க எனக்குத் தெம்பில்லை.

நீ போய் ஒரு மாசம் ஆகப்போகிறது. ஆற்று வெள்ளம் வடிந்து, ஏரல் சந்தைக்கு மறுபடியும் வண்டி போகிறது. உங்கள் கீழத்தெருவில் முழுசாக நிற்கிற வீடு நாலுகூட இல்லை. உன் வீட்டில் அடுப்படியும் நீ படுத்துக்கிடந்த மூலையும்தான் மிச்சம். வெள்ளத்துக்குப் பின்னால் வந்த பேதி உன்னோடு நிற்கவில்லை. உனக்குப் பின்னால் வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பதை நீ பார்த்திருக்கிறாய். உங்க சாமிக்கு இம்புட்டுப் பசியா என்று கேலி பண்ணுவாய். ஞாயிற்றுக்கிழமை அதை வேதக்கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்போம். சபைக் காரியத்துக்கு ஆகும். இந்தத் தடவை அதைக் கீழத்தெருவுக்குக் கொடுப்போம் என்றார் சபையை நடத்துகிற என் வீட்டுக்காரர். உபதேசியார் சொல்லிவிட்டார் என்பதற்காக யாரும் உடனே தலையாட்டவில்லை. நம்ம பிள்ளைகளே அரைவயிறாகக் கிடக்கும்போது அவர்களுக்கு எதற்கு என்றார்கள். ஒரு வாரம் இழுபறி. அலுத்துப்போய்த்தான் சரி என்றார்கள் என்று நினைக்கிறேன்.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. நல்ல காரியமாயிற்றே என்று அத்தனை அரிசியையும் பீடத்துக்கு முன்னால் குவித்து, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணி, கடகப்பெட்டிகளில் அள்ளிச் சுமந்துகொண்டு, பாட்டுப் பாடியபடியே உங்கள் தெருவுக்குள் வந்தோம். எங்களுக்கு அது எப்போதும் செய்கிற வழக்கம். அதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருவரும் கை நீட்டவில்லை. பசித்த முகங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றன. உன் வீட்டுக்காரர் சுடலை அண்ணாச்சிதான் முன்னால் வந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"உங்க சாமிக்குப் படைச்சதை நாங்க எப்பிடிம்மா வாங்குதது? எங்க அம்மன் கொடைச் சோத்தை நீங்க ஒரு நாளும் தொட்டதில்லையே."

தலைச்சுமையை இறக்காமலே திரும்பினோம். பசியிலயும் வீம்பு போகல பாரு என்று வழியெல்லாம் பேச்சு. அதை மறுத்துப் பேச எனக்கு ஏது முகம்?

அம்மன் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் நீ வெங்கலக் கும்பாவில் பொங்கல் கொண்டுவருவாய். விக்கிரகத்துக்குப் படைத்தது எங்களுக்கு ஆகாது என்று நான் திருப்பிக் கொடுப்பேன். வருஷா வருஷம் இதே கதை. ஒரு வருஷம் நீ கொடைக்கு முந்தின நாளே வந்து நின்றாய். "படைக்கும் முந்தி எடுத்தது மைனி. உனக்குன்னே தனிப் பானையில வச்சேன்" என்றாய்.

அதையும் நான் திருப்பினேன். வேதத்தில் அதற்குத் தடை இல்லை என்று எனக்குத் தெரியும். உபதேசியார் பெண்சாதி கொடைப் பொங்கல் வாங்கினாள் என்று ஊர் சொல்லுமே என்ற பயம்தான். கும்பாவை முந்தானையால் மூடிக்கொண்டு நீ போனாய். அதற்கப்புறம் நீ பொங்கல் கொண்டுவரவே இல்லை. ஆனால் அடுத்த கடிதம் வந்ததும் வேலியோரம் வந்து நின்றாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே, ஏன் திட்டவில்லை?

அரிசியோடு நாங்கள் திரும்பிய மறுநாள் காலையில், கோவில் வாசலை மிதிக்காத அரிசியாக என் அடுக்களையிலிருந்து அள்ளி, மடியில் கட்டிக்கொண்டு உன் மருமகளிடம் போனேன். பேச்சி சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பால் வற்றிப்போய், கைப்பிள்ளை வெறும் மாரைச் சப்பிவிட்டுச் சப்பிவிட்டு அழுதது. அரிசியைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"படைச்சதா?"

"இல்லட்டி. படைக்கும் முந்தி எடுத்தது."

உன் வார்த்தை அல்லவா அது. அவள் அடுப்பை மூட்டினாள். கஞ்சி கொதித்ததும் முதல் அகப்பையை ஒரு மண்சட்டியில் ஊற்றி, உன் மூலையில் உனக்கு வைத்து விழுந்து கும்பிட்டாள். பிறகு அதே சட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அத்தைக்கு வச்சது. நீங்க குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்."

என்னைச் சோதித்தாளா, துக்கத்தில் சொன்னாளா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. நான் குடித்தேன் மைனி. உப்பில்லாத கஞ்சி. பன்னிரண்டு வருஷம் வேண்டாம் என்று சொன்ன வாயால் குடித்தேன். அவளும் குடித்தாள்.

இடிந்த சுவருக்கு மறைவேது? யாரோ பார்த்துவிட்டார்கள். படைத்ததைக் குடித்தவள் நற்கருணை அப்பம் வாங்க வரலாமா என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து சபைப் பெரியவர்கள் வந்து விசாரிக்கும்வரை நான் அந்த நற்கருணைப் பந்திக்குப் போகக்கூடாதாம். கோவிலில் கடைசிப் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் ஓய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. சரியா தப்பா என்று தனக்கே சொல்லத் தெரியவில்லை என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு சபையைப் பார்த்து, கீழத்தெருவுக்குப் போகிற அரிசி இனிமேல் கோவிலுக்கு வரவேண்டாம், அடுக்களையிலிருந்தே போகட்டும் என்று சொல்லிவிட்டார். பாதி வீடுகள் கொடுக்கின்றன. மற்றவர்கள் பழையபடி பீடத்தில் வைக்கிறார்கள். உங்கள் தெருவில் வாங்கிக்கொள்கிறார்கள், யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. எதற்காகச் சொல்லவேண்டும்?

பேச்சிக்குப் பால் ஊறிவிட்டது. பிள்ளை இப்போது தூங்குகிறது.

நேற்று உன் மகன் கடிதம் வந்தது. நீ போன செய்தியை நான் எழுதிப் போட்டது கிடைக்கும் முன்னால் எழுதியிருக்கிறான். அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். பழக்கதோஷத்தில் வேலியோரம் போய் நின்றுவிட்டேன்.

உன் கும்பாவை வெள்ளம் கொண்டுபோகவில்லை. பேச்சி சாம்பல் போட்டுத் துலக்கி வைத்திருக்கிறாள். பங்குனியில் கொடை வரும். அவள் அதில் பொங்கல் கொண்டுவந்தால், எப்போது எடுத்தது என்று கேட்கமாட்டேன். கும்பாவைக் காலியாக்கிக் கழுவித்தான் திருப்பிக் கொடுப்பேன்.

கடைசிப் பாயில் இருக்கும்
உன் மைனி,
ஞானப்பூ