நிரப்பாத வட்டம்

அன்புள்ள ராசாவுக்கு அம்மா எழுதுவது. அங்கே நலமா என்று எப்போதும் கடமைக்குக் கேட்பேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். அப்பாவின் நோய் தங்கச்சிக்கும் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்ததைச் சொன்ன நாளிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. சாயங்காலம் ஆனால் வீட்டில் பேச்சுக் குரலே இல்லை. வாய்ப் பழக்கம் விட்டுப் போகக்கூடாதே என்று டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கூத்தைக் கேள். மரபணு டாக்டரிடம் தங்கச்சியோடு போனபோது, ரத்தம் எடுக்கும் இடத்தில் நானும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குடும்ப வியாதி என்றால் குடும்பமே கொடுக்க வேண்டாமா? நர்ஸ் சிரித்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கும்மா, நீங்க அந்த வீட்டு ரத்தமே இல்லையே" என்றாள். டாக்டர் நம் குடும்பத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குக் கறுப்பு. தாத்தா, அப்பா, தங்கச்சி எல்லாம் கறுப்பு. உன் கட்டத்தில் கேள்விக்குறி. என் வட்டம் மட்டும் ஓரமாக வெள்ளையாக இருந்தது. இத்தனை வருஷம் குப்பை கொட்டிய வீட்டில் நான் யாரோவா? எனக்கு வராது என்று தெரிந்ததில் சந்தோஷமே இல்லை, போ.

அப்பா தள்ளாடி நடந்தபோது யாருக்கு என்ன தெரியும்? ஒரு சொட்டுத் தொடாத மனுஷனுக்குக் குடிகாரப் பட்டம் கட்டினார்கள். இன்றைக்கு எந்த மரபணுவில் எந்த இடத்தில் கோளாறு என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டுகிறார். புது மருந்து ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம், நோய் முற்றுவதற்கு முன் வருகிறவர்களைத்தான் சேர்த்துக்கொள்வார்களாம். பலிக்குமா என்று கேட்டேன். "இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றார், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தங்கச்சி சேர்ந்துவிட்டாள். உன் உடம்பு, உன் இஷ்டம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை. சோதித்துக்கொள், கண்ணா.

கடைசியாக வீடியோவில் பேசியபோது கையில் காப்பிக் கோப்பை ஆடியதும் சட்டென்று மேசைக்குக் கீழே இறக்கிவிட்டாயே, நான் பார்த்துவிட்டேன். அப்பாவும் முதலில் அப்படித்தான் ஒளித்தார். பெற்றவளிடம் என்னடா மறைப்பு?

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், வந்தாலும் நீ அதைத் தனியாகச் சுமக்காமல் இருக்கட்டும். மறக்காமல் பதில் போடு. டைப் அடிக்காதே, உன் கையாலேயே எழுது. எழுத்து கோணினால் கோணட்டும், உன் அப்பாவின் எழுத்தைக் கடைசிவரை படித்தவள் நான்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா