இரட்டை வேகத்தில் அவர் குரல்

மார்ச் 3, செவ்வாய்

சலவைக்கூடத்தில் ஒரே ஆவி. விடுதி விரிப்புகளை மடித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் அனுப்பிய குரல் செய்தியை வழக்கம்போல இரட்டை வேகத்தில் கேட்டேன். சனிக்கிழமை கப்பலிலிருந்து வருகிறாராம், இரண்டு வருஷம் கழித்து. என்னோடு மடிக்கிறவள் தன் மாமியார் அனுப்புவதையும் அதே வேகத்தில்தான் கேட்கிறாள். "பாதி நேரத்துல முழுத் திட்டையும் வாங்கிக்கலாம்ல?" பேருந்தில்கூட எல்லார் போனிலும் இரட்டை வேகக் குரல்கள், அவசரக் குருவிகள் மாதிரி.

மார்ச் 7, சனி

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். ஆனால் பேச்சு ஏன் இவ்வளவு மெதுவாக? ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு வெங்காயம் நறுக்கிவிடலாம். உடம்புக்கு ஏதாவதா? பயமா இருக்கு.

மார்ச் 9, திங்கள்

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். சிரித்தார். "நான் எப்பவும் இப்படித்தானே பேசுவேன். உனக்கு..." 'மறந்துபோச்சா'வை நானே சொல்லி முடித்தேன்.

மறந்துதான் போயிருக்கிறது. இரண்டு வருஷமாகப் போனுக்குள்ளிருந்து என்னோடு குடித்தனம் நடத்தியவர் படபடவென்று பேசும் வேறொருவர். கனவில் வந்தவரும் அவர்தான்.

மார்ச் 12, வியாழன்

"தண்ணி..." என்றார். சொம்பை நீட்டினேன். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வந்தாராம். வாங்கிக் குடித்துவிட்டு, தானே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார்.

மார்ச் 15, ஞாயிறு

"கப்பலுக்கு முன்னாடியே கூப்பிடறாங்க..." என்றார். அவர் மேலே பேசுவதற்குள் "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் சொன்னேன்? போகாதீங்கன்னு சொல்ல நாக்கு எங்க போச்சு?

மார்ச் 16, திங்கள்

வேலையில் இருக்கும்போது அவரிடமிருந்து குரல் செய்தி. வீட்டில் இருந்துகொண்டே! விரல் தானாக இரட்டை வேகத்துக்குப் போனது. நிறுத்திவிட்டு, அவர் வேகத்திலேயே கேட்டேன்.

"நான் வந்து..." அப்புறம் வெறும் மூச்சு. எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிறது. நாற்காலி கிறீச்சிடுகிறது. "போகாதேன்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

பழைய செய்திகளையும் எடுத்துக் கேட்டேன். எல்லாவற்றிலும் நடுவே அதே மௌனம், பின்னால் கடல். அழுதேன். ஆவியில் யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் மாடியில் காய்ந்த விரிப்பை எடுத்து, ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"போகாதீங்க."

வாயைத் திறந்தார். நின்றார். நான் எதையும் முடித்து வைக்கவில்லை. காற்று விரிப்பை ஊதி ஊதி இறக்கியது. மடித்தோம், நெருங்கினோம், மறுபடி மடித்தோம். என் கையிலிருந்து கடைசி மடிப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் "சரி" என்றார்.