நேரம் எழுதாத கேட் பாஸ்

11.1.88
அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை கேட் பாஸ் எழுதுவது. வண்டிகளுக்கான எங்கள் பிரேக் ஷூ பெட்டிகள் கலால் வரி கட்டித்தான் வெளியே போகின்றன என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. வண்டி கிளம்பும் நேரத்தை எண்ணிலும் எழுத்திலும் போட வேண்டும். இன்று மேனேஜர் குணசேகரன், "நேரத்த மட்டும் விட்டுடும்மா ஹில்டா, அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

19.1.88
கேட்காமலே புரிந்தது. காலையில் ஒரு லோடு. அதே தாளைக் காட்டி மத்தியானம் இன்னொரு லோடு. வரி ஒன்றுக்குத்தான். வேன் டிரைவர் பரந்தாமன் சிரிக்கிறார்: "இன்னாம்மா, ஒரே டிக்கெட்ல ரெண்டு ஆட்டம் காட்றாரு உங்க மேனேஜரு. நான் சொன்னா வண்டிய புடுங்கிக்குவாரு."
நான் சொன்னால்?

24.1.88, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்து பேப்பர் படித்தேன். மோட்டார் வாகனத் தொழில் அரசுக்குக் கட்டும் வரி பற்றி அரைப் பக்கம். எல்லாம் கோடிகள். அதில் எங்கள் காலை லோடு இருக்கும். மத்தியான லோடு இல்லை. போன மாதம் அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மாத்திரை இல்லை என்றபோது வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேனே — யாரை?

3.2.88
திருமழிசை அருகே மத்தியான லோடைக் கலால்காரர்கள் மடக்கிவிட்டார்கள். அதே பாஸ் எண்ணில் காலையிலேயே சரக்கு இறங்கியிருப்பது, வாங்கும் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது.
குணசேகரன் ஒரு தாளை நீட்டினார். நேரம் எழுத நான் மறந்தேனாம். இரண்டாவது லோடை டிரைவர் திருடிக்கொண்டு போனாராம். "கையெழுத்துப் போடு. ஏப்ரல்ல பர்மனென்ட் பண்ணிடறேன்."
நாளைக்குப் போடுகிறேன் என்றேன். ஏன் முடியாது என்று சொல்லவில்லை?

5.2.88
பரந்தாமன் மனைவி பூங்காவனம் வீட்டுக்கே வந்துவிட்டார். "எனுக்கோசரம் பொய்யி சொல்ல வாணாம்மா. கண்டத சொல்லு போதும். திருடன் பசங்கன்னா இஸ்கோல்ல இன்னா மதிப்பு கீது?" கொடுத்த காபியைத் தொடவில்லை.
அவர் போனதும் அம்மா: "அப்பாவும் ரிட்டையர் ஆயாச்சு. உனக்கு எதுக்குடி ஊர் வம்பு?"

6.2.88
போட்டுவிட்டேன்.

9.2.88
பரந்தாமனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போலீசில் புகார் கொடுக்கப்போகிறார்களாம். எனக்கு ஃபேனுக்குக் கீழே புது மேஜை. எதைப் படித்தாலும் இரண்டாவது வரிக்கு மேல் ஓடவில்லை.

15.2.88
கலால் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி என் கேட் பாஸ் புத்தகத்தைப் புரட்டினார். வயதானவர், குரலை உயர்த்தவே இல்லை. கார்பன் நகல்கள். என் கையெழுத்து. ஒன்பது இடத்தில் நேரம் காலி.
"ஒன்பது தடவையும் மறந்துட்டியாம்மா?"
வெளியே பெஞ்சில் குணசேகரன் இருமுவது கேட்டது.
"மறக்கல சார்."
பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய் என்பதையும். எழுதி வாங்கிக்கொண்டார்கள். கீழே நேரம் போடச் சொன்னார் — மணி மூன்று நாற்பது என்று நானே எழுதினேன். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். ச்சீ, ஒன்பது நாள் முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

8.4.88
பூந்தமல்லியில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்காணல். பழைய கம்பெனி அபராதத்தோடு வரியைக் கட்டிவிட்டதாம், டிரைவர் மேல் போலீஸ் புகாரும் இல்லையாம். பரந்தாமன் செம்பரம்பாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறாராம். பஸ்ஸில் பூங்காவனம். என்னைப் பார்த்தார். பக்கத்தில் வைத்திருந்த கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.
உட்கார்ந்தேன்.